கொடுத்ததையெல்லாம் வாங்குவதா, வட்டாரத்தோடு நிற்பதா?

செடிகளை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிச் சேர்க்கும் உலர்செடித் தொகுப்பு, அதாவது ஹெர்பேரியம், வைக்க நினைப்பவர்கள் முதலில் முடிவெடுக்க வேண்டியது இதைத்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியபோது செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தைச் சுற்றியுள்ள செடிகள் மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எல்லாவற்றையும் வாங்கினால் அலமாரி சீக்கிரம் நிறையும், கொடுப்பவர் மனமும் குளிரும். ஆனால் பெரிய தொகுப்புகளே பூவோ காயோ இல்லாத கிளையையும், எங்கே எப்போது பறித்தது என்ற சீட்டில்லாத தாளையும் வாங்கத் தயங்கும். உயர மரத்துப் பூங்கிளைக்காகத்தானே சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் தாவரவியலாளர் கார்னர், மரமேறிப் பறித்துப் போட பெரோக் எனும் குட்டைவால் குரங்குகளைப் பழக்கினார்!

என் கணக்கில் எல்லாமே பராமரிப்பில்தான் வந்து நிற்கிறது. நம் ஊர் ஈரத்தில் தாள் சும்மா கிடந்தாலே பூஞ்சணம் பிடிக்கும். சிகரெட் வண்டு புகுந்தால் காய்ந்த பூவைப் பொடியாக்கிவிடும். புதிதாக வரும் கட்டைக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டி, மைனஸ் 20 டிகிரிவாக்கில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் உறைய வைக்க வேண்டும். வெளியே எடுத்த உடனே உறையைப் பிரிக்கக் கூடாது. குளிர் விடுவதற்குள் பிரித்தால் தாளெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். பிறகும் அவ்வப்போது பிரித்துப் பார்த்தாக வேண்டும். சீட்டில்லாத தாளுக்கும் இதே பாடுதான், இதே இடம்தான்.

தோட்டத் தொழிலாளர் லயத்து அக்கா ஒருவர், "ஐயா, எங்கம்மா கேமரன் மலையில பறிச்சது, எடுத்துக்குங்க" என்று காலண்டர் தாளில் ஒட்டிய ஆர்க்கிட் ஒன்றை நீட்டினார். எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று தெரியாது. படம் எடுத்துக்கொண்டு அவரிடமே கொடுத்துவிட்டேன். வாய்க்கால் ஓரம் ஒரு பையன் பறித்த, மலாயில் செண்டுடுக் எனப்படும் புதர்ச்செடியின் கிளையை வாங்கினோம்: பூவோடு இருந்தது, தேதி இருந்தது, காய்ந்தால் மங்கிவிடும் என்று இதழின் ஊதா நிறத்தையும் சீட்டில் எழுதியிருந்தான். அதே செடி அடுத்த ஆண்டு வேறு நிரையிலிருந்து வந்தாலும் வாங்குவோம். செம்பனையை 25 ஆண்டுவாக்கில் வெட்டி மறுநடவு செய்கிறார்கள். நிழல் போனதும் கீழே முளைப்பது மாறும். அந்த மாற்றத்தைக் காட்ட ஒரே இடத்துத் தாள்கள்தான் வேண்டும்.

பாசி, காளான் பக்கம் நாங்கள் போனதில்லை. அவற்றுக்கும் இது ஒத்துவருமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வெளியூர்க் காட்டுமரம் பூவும் சீட்டுமாக வந்தால் கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்தைக் கேட்டுப் பாருங்கள். காப்புக்காட்டில் பறிப்பதென்றால் முதலில் அனுமதிச் சீட்டு.