288 மில்லி தண்ணீர் பிடிக்கும் தீயணைப்பு வண்டியும் ராயக்கோட்டை ரோட்டு போர்டு கடையும்

ஊருக்கெல்லாம் போர்டு செய்து கொடுக்கும் இந்தக் கடைக்குச் சொந்தமாக ஒரு போர்டு கிடையாது. கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒரு சின்ன இடம். கீழே நின்றால் மரத்தூள் வாசனையும் மெஷின் சத்தமும் வரும், அதுதான் அடையாளம். சன்போர்டு (போர்டு செய்யும் பிளாஸ்டிக் ஷீட்) கட்டிங், அக்ரிலிக், ஸ்டிக்கர் எல்லாம் செய்கிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் கட்சிக்காரர்கள், மீதிப் பேர் கல்யாண வீட்டுக்காரர்கள். நான் போனது ஒரு தீயணைப்பு வண்டிக்காக.

நிஜ வண்டி இல்லை. 25-இல் ஒரு பங்கு அளவில், கிட் எதுவும் வாங்காமல் ஷீட்டை வெட்டி ஒட்டி நானே கட்டுவது. அப்பா லேலண்ட் ஓட்டியவர், அதனால் லாரி மேல் எனக்குப் பைத்தியம் சின்ன வயசிலேயே பிடித்தது. இதுவரை நாலு லாரி முடித்திருக்கிறேன், தீயணைப்பு வண்டி இதுதான் முதல். ஏப்ரல் 14-இல் தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில் (1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக வைத்த நாள் அது) நிலையத்துக்குப் போய், நிலைய அலுவலரிடம் கேட்டு, டேப் வைத்து ஒரு மணி நேரம் அளந்தேன். வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம்) 4.2 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், தண்ணீர் 4,500 லிட்டர். 25-ஆல் வகுத்தால் வீல்பேஸ் 168 மில்லிமீட்டர், அகலம் 96. தண்ணீரை மட்டும், நீளம் அகலம் உயரம் மூன்றுமே குறைவதால், 25-ஆல் மூன்று தடவை வகுக்க வேண்டும், அப்போது 288 மில்லி வரும். மாடல் சரியான அளவா என்று பார்க்க எனக்கு இதைவிட நல்ல சோதனை தெரியாது. டேங்க்கை உள்பக்கம் அளவு பிசகாமல் செய்திருந்தால் 288 மில்லி பிடிக்கும், இல்லையென்றால் பிடிக்காது.

சரி, கடைக்கு வருவோம். முதல் நாளே கவுன்ட்டரில் இருந்த தம்பி கேட்டான், "என்னாத்துக்குங்ணா, பசங்களுக்கு புராஜெக்ட்டா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தாறு வயசில் எனக்குத்தான் என்று சொல்ல அன்றைக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சன்போர்டை லேசரில் வெட்டித் தரச் சொன்னேன், முடியாது என்று ஒரே பேச்சில் மறுத்துவிட்டார்கள். சரியான பதில். சன்போர்டு பிவிசி, லேசரில் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், மெஷினும் துருப்பிடிக்கும், நிற்கிறவன் நுரையீரலும் கெடும். காசு வருகிறதே என்று வெட்டிக் கொடுக்கும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். இங்கே லேசர் அக்ரிலிக்குக்கும் எம்டிஎஃப்புக்கும் மட்டும்தான், சன்போர்டுக்குத் தனியாக ரவுட்டர் (சுழலும் பிட்டால் வெட்டும் மெஷின்) இருக்கிறது. ரவுட்டர் பிட் 2 எம்எம், அதனால் ஜன்னலின் உள்மூலை கூராக வராது, 1 எம்எம் வளைவோடு வரும். நிஜ வண்டியில் அது 25 மில்லிமீட்டர் வளைவு. கேபின் கண்ணாடி மூலை நிஜத்திலும் வளைவுதானே, எனக்கு அது லாபமாகிவிட்டது.

இனி குறை. முதல் தடவை வெட்டி வந்த கேபின் முகப்பு 96 எம்எம்முக்குப் பதில் 101 இருந்தது. படத்தை வாட்ஸப்பில் ஜேபெக்காக அனுப்பியது என் தப்பு, அதைக் கோரல் டிராவில் இழுத்துக் கண்ணளவுக்குப் பொருத்தி வெட்டியது அவர்கள் தப்பு. 5 எம்எம் தானே என்றான் தம்பி. நிஜ வண்டியில் அது 12 சென்டிமீட்டருக்கு மேல், அப்படி ஒரு கேபினை எந்த சேஸிலும் உட்கார வைக்க முடியாது. அதற்குப் பிறகு பிடிஎஃப் மட்டும்தான் கொடுக்கிறேன், அதில் ஓர் ஓரமாக 100 எம்எம் நீளத்துக்கு ஒரு கோடும் போட்டுவிடுகிறேன். வெட்டுவதற்கு முன்னால் அந்தக் கோட்டை அளந்து பார்க்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் அளக்கிறார்கள். நாமாகக் கேட்காவிட்டால் மாட்டார்கள்.

இரண்டாவது, ஷீட்டின் கனம். 3 எம்எம் என்று கொடுத்ததை வீட்டுக்கு வந்து வெர்னியரில் வைத்தேன், 2.7 காட்டியது. நான் கேபினிலும் லாக்கர் பெட்டிகளிலும் ஒன்றுக்குள் ஒன்று செருகுவதற்காக 3 எம்எம் காடி போட்டிருந்தேன், எல்லாமே லொடலொட. ஐந்து துண்டு அடுக்கினால் ஒன்றரை எம்எம் காணாமல் போகும், நிஜ வண்டிக்கு ஒன்றரை அங்குலம். இதற்குக் கடையைத் திட்டுவதில் அர்த்தமில்லை, ஷீட் வருவதே அப்படித்தான், போர்டு எழுதுகிறவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் நம்மைப் போன்றவர்கள் வெர்னியரைக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும், அளந்த பிறகுதான் டிராயிங்கை முடிக்க வேண்டும். ஷட்டர், மிதிபடி மாதிரி மெல்லிசான வேலைக்கு அரை எம்எம் ஸ்டைரீன் ஷீட் (அதுவும் ஒரு பிளாஸ்டிக்தான்) இங்கே கிடைக்காது, ஆன்லைன்தான். தண்ணீர்க் குழாய் மாட்டும் டெலிவரி வாய்க்குக் கடையும் வேண்டாம், ஆன்லைனும் வேண்டாம். நிஜத்தில் 63 எம்எம், நமக்கு 2.5, காது குடையும் பஞ்சுக் குச்சியின் பிளாஸ்டிக் குழாயே போதும்.

ஸ்டிக்கர் வேலையில்தான் இந்தக் கடை மேல் மரியாதை வந்தது. வண்டிப் பக்கவாட்டில் 'தீயணைப்பு' என்று வெள்ளை எழுத்து, 6 எம்எம் உயரம். பிளாட்டரில் (ஸ்டிக்கரைக் கத்தியால் வெட்டும் மெஷின்) வெட்டி, சுற்றியுள்ள வினைலை உரித்தபோது 'ணை'யின் சுழிகளும் அதோடு சேர்ந்து போய்விட்டன. மூன்று தடவை அப்படியே. பிரின்ட் எடுத்து ஒட்டலாமே என்றேன், வெள்ளை மை இல்லை, சிவப்புப் பின்னணியோடுதான் வரும், உங்கள் பெயின்ட்டோடு சேராது என்று டிசைன் பார்க்கும் பெண் சொன்னார். அப்புறம் அவரே உட்கார்ந்து எழுத்தின் கோட்டைத் தடிமனாக்கி, சுழிகளுக்குள் இடைவெளியை அகலப்படுத்தி, கத்தியின் வேகத்தைக் குறைத்து இன்னொரு தடவை போட்டார். வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபர் டேப்போடு சேர்த்து 60 ரூபாய்தான் வாங்கினார்கள். கெட்டுப்போன மூன்றுக்கும் காசு இல்லை.

டயர் செய்ய, பக்கத்திலேயே இருக்கும் லேத் பட்டறைக்கு என்னை அனுப்பி வைத்ததும் இவர்கள்தான். நைலான் ராடைக் காட்டி லாரி டயர் மாதிரி கடைந்து தரச் சொன்னேன். அந்தப் பெரியவர் புராஜெக்ட்டா என்றெல்லாம் கேட்கவில்லை. "தொள்ளாயிரமா, ஆயிரமா?" என்றார். ஆயிரம் இருபது என்றேன், லாரி டயர் சைஸை அப்படித்தான் சொல்வார்கள். நிஜத்தில் வெளிவிட்டம் சுமார் 1,050, நமக்கு 42 எம்எம். ஸ்டெப்னியோடு ஏழு டயர் ஒரே அளவில் வந்தது.

பெயின்ட்டுக்குக் கடையில் சொன்ன யோசனையை மட்டும் கேட்காதீர்கள். டூகோ பெயின்ட்டைத் தின்னரில் கலந்து ஒரே கோட்டாக அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன், ஸ்டைரீன் ஷட்டர் பாலாடை மாதிரி சுருங்கியது. ஸ்டைரீனை அந்தத் தின்னர் தின்றுவிடும். பிரைமரைத் தூரத்திலிருந்து தூவுகிற மாதிரி மெல்லிசாகப் பல கோட்டாக அடிப்பதுதான் வழி. நிறத்துக்கு ஐஎஸ் 5 அட்டையில் (பெயின்ட் நிறங்களுக்கான இந்தியத் தர அட்டை) 536, அதுதான் ஃபயர் ரெட். நான் முதலில் வேறொரு பெயின்ட் கடையில் சிவப்பு என்று மட்டும் சொல்லி வாங்கி வந்தது 538 போலிருக்கிறது. அதற்குப் பெயரே போஸ்ட் ஆபீஸ் ரெட். முடித்து வைத்ததும் என் மனைவி, "தபால் வண்டியா?" என்று கேட்டாள்.

ரவுட்டர் கட்டிங் நிமிடத்துக்கு 15 ரூபாய், குறைந்தது 200 ரூபாய்க்காவது வேலை இருக்க வேண்டும். மொத்த வண்டிக்கும் மூன்று தடவையாக 740 ஆனது, தப்பாக வெட்டிய முகப்புக்குப் பாதிதான் வாங்கினார்கள். துண்டு சன்போர்டு மூலையில் குவிந்து கிடக்கும், கேட்டால் சும்மாவே தருகிறார்கள். தேர்தல் நேரத்திலும் மாரியம்மன் திருவிழா சமயத்திலும் போகாதீர்கள், ஃப்ளெக்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும், உங்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். வார நாளில் காலை பதினொரு மணிக்கு முன்னால் போனால் அவர்களே மெஷின் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.

டேங்க்கில் மருந்து சிரிஞ்சால் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். 281 மில்லியில் நிரம்பி வழிந்தது. பின்பக்க மூலையில் கசிவு வேறு.