42,500 ரூபாய் கொடுத்து என் கடை மெயிலுக்குக் கெட்ட பெயர் வாங்கினேன்

ராமநாதபுரம் கடற்கரையில் கருவாடு, கருப்பட்டி என்று இணையத்தில் கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள். மெயிலில் விளம்பரம் செய்து தருவதாக வந்த ஓர் ஏஜென்சியிடம் 42,500 ரூபாய் போய்விட்டது. பணம் மட்டும் என்றால் தலைமுழுகியிருப்பேன். கடையின் மெயிலையே நாசமாக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளும்தான் எங்கள் நெத்திலிக்கும் சீலாவுக்கும் வெளியூரில் கிராக்கி. அதற்கு முன்பே விளம்பரம் போக வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். ஏஜென்சியின் தம்பி ஒருவன் மண்டபத்துக்கு வீடு தேடி வந்தான். நெத்திலி காய்ந்துகொண்டிருந்த தார்ப்பாய் ஓரத்திலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். "ஒரு லட்சம் பேர் இன்பாக்ஸில் உங்கள் கடை நிற்கும், அக்கா. எல்லாரும் கருவாடு வாங்குகிறவர்கள்." அம்மா கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்தான். "நல்ல பிள்ளையாகத் தெரிகிறது, கொடுத்துவிடு" என்றார் அம்மா. 42,500 ரூபாயும் அங்கேயே, அப்போதே அவன் கணக்குக்குப் போனது.

மாதம் சில நூறு மெயில் போகும் என் டொமைனிலிருந்து, அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் கடைப் பெயரிலிருந்து, ஒரே இரவில் பல்லாயிரம் மெயில்களைக் கொட்டியிருக்கிறான். பட்டியல் எங்கோ விலைக்கு வாங்கியது. காலையில் பார்த்தால் "இப்படி ஒரு முகவரியே இல்லை" என்று திரும்பி வந்தவை குவிந்து கிடக்கின்றன. கிடைத்தவர்களோ, யார் இவள் என்று ஸ்பாம் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து பிடியை இறுக்கிவிட்டன. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் இருக்க வேண்டும்; மெயில் நிஜமாகவே நம் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகள் இவை. ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ள வழி வைக்க வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர்! நம் மெயிலுக்கு எத்தனை புகார் என்று காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் கருவியில் என் புகார் அளவு 4 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. டிமார்க் பதிவும் இல்லை, விலகும் இணைப்பும் இல்லை.

இப்போது ஆர்டர் உறுதி மெயிலும் பில்லும்கூட ஸ்பாமில்தான் விழுகின்றன. வருடக்கணக்காக வாங்கும் சிங்கப்பூர் வாடிக்கையாளர், "பணம் கட்டியும் பதில் இல்லையே, கடையை மூடிவிட்டீர்களா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்.

தம்பியைக் கூப்பிட்டால், "97 சதவீதம் டெலிவரி ஆகியிருக்கிறதே, மேடம்" என்று அறிக்கையை நீட்டுகிறான். எதிர்ப்பக்க சர்வர் வாங்கிக்கொண்டாலே அது டெலிவரிதான். ஸ்பாம் பெட்டியில் போய் விழுந்ததும் அந்த 97-க்குள் அடக்கம். இதை நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டு திரும்பக் கேட்டதும், ஜிமெயிலில் கோளாறு என்றான். அப்புறம் சார் மீட்டிங்கில் இருக்கிறார். அப்புறம் சார் மதுரைக்குப் போயிருக்கிறார். ராமநாதபுரத்தில் அவர்கள் ஆபீசுக்கே போய் நின்றேன். "இந்த டொமைனை விட்டுவிடுங்கள் மேடம், புதிது வாங்கி 15,000-க்குள் முடித்துத் தருகிறோம்" என்கிறார்கள்! வீட்டைக் கொளுத்திவிட்டு, புது வீடு கட்டக் கொத்தனார் வேலை கேட்கிறார்கள். 42,500 பற்றிக் கேட்டால், "வேலை முடிந்துவிட்டதே."

தப்பிப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. ஒரு லட்சம் முகவரி கைவசம் இருக்கிறது என்பவனை வாசலோடு அனுப்புங்கள். உங்களிடம் வாங்கியவர்கள், கேட்டு ஒப்புக்கொண்டவர்கள், அவர்களுக்கு மட்டும் போகட்டும், அதுவும் சிறுகச் சிறுக. பில் போகும் முகவரியிலிருந்து விளம்பரம் போக விடாதீர்கள். விளம்பரத்துக்குத் தனி சப்டொமைன், அதாவது அதே டொமைனுக்குக் கீழே ஒரு கிளை முகவரி, வையுங்கள். டொமைன் பாஸ்வேர்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், யார் எந்த டம்ளரைக் கழுவி வைத்தாலும்.