வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்கு என்ஐஓஎஸ்: எதற்கு நம்பலாம், எதில் உஷாராக இருக்க வேண்டும்

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்ற பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் சான்றிதழில் வந்துதான் நிற்கும். அதற்குப் பலர் எடுக்கும் வழி என்ஐஓஎஸ், அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989-ல் தொடங்கிய மத்திய அரசு வாரியம். தலைமையகம் நொய்டாவில், மண்டல மையம் சென்னையில். தேர்வு வாரியமாக இது அருமையான ஏற்பாடு. ஆனால் பள்ளி செய்கிற வேலையை இது செய்யாது. படிப்பு மையத்தில் தொடர்பு வகுப்புகள் உண்டு என்றாலும், அதை மட்டும் நம்பிப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டால், படிக்கும் தகுதி இருக்கிறது என்ற சுய உறுதிமொழி போதும். பள்ளிக்கே போகாத பிள்ளைக்குக் கதவு திறப்பது இந்த இடத்தில்தான். விண்ணப்பிக்கும் முன் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல், மற்றொன்றில் அப்பா பெயர் முழுசாக என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மதிப்பெண் பட்டியலில் ஏறிவிட்டால் திருத்துவது பெரிய அலைச்சல்.

சான்றிதழுக்கு ஐந்து பாடம் வேண்டும். அதில் குறைந்தது ஒன்று, அதிகம் போனால் இரண்டு மொழிப்பாடம். ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி என்று விருப்பமானதை எடுக்கலாம், கணக்கு கட்டாயமில்லை. பலர் சறுக்குவதும் இங்கேதான். பிள்ளைக்குக் கணக்கு கசக்கிறது என்று 14 வயதில் விட்டுவிட்டு, பதினொன்றில் பள்ளிக்குத் திரும்ப நினைக்கும்போது அறிவியல் குரூப் கைநழுவுகிறது. எந்தப் பக்கம் போவது என்று தெளிவாகாத பிள்ளைக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், கூட ஒன்று என்று எடுப்பதே பாதுகாப்பு.

இதன் உண்மையான பலம் அவகாசம். பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. இப்போது இரண்டு பாடம், அடுத்த முறை மூன்று பாடம் என்று பிரித்து எழுதலாம்; பாஸான பாடம் கணக்கில் அப்படியே நிற்கும். தேர்ச்சிக்கு 33 சதவீதம். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்.

அலட்சியத்தால் போகும் மதிப்பெண் டிஎம்ஏ எனும் ஒப்படைப்பில்தான். எடை 20 சதவீதம். ஒரு பாடத்துக்கு ஆறு கேள்வி: இரண்டு மதிப்பெண்ணில் மூன்று, நான்கில் இரண்டு, கடைசியாக ஆறு மதிப்பெண்ணுக்கு ஒரு செயல்திட்டம். தாளில் கையால் எழுதி, ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி ஐந்து பாடத்துக்கும் உட்கார்ந்தால் செயல்திட்டம் அரைகுறையாகத்தான் வரும். வாரம் ஒரு பாடம் என்று வைத்தால் ஐந்து வாரத்தில் முடிந்துவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு விதி: பத்தாவது தேறியதற்கும் பன்னிரண்டாவது சான்றிதழுக்கும் இரண்டு வருட இடைவெளி வேண்டும். ஒரே வருடத்தில் முடித்துக் காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். என்ஐஓஎஸ் பிள்ளைகளுக்கு நீட் கதவு 2018-ல் மூடப்பட்டு, வழக்குகளுக்குப் பின் திறந்திருக்கிறது. தமிழக அரசு வேலைக்கு எண்ணமிருந்தால், என்ஐஓஎஸ் சான்றிதழை மாநில வாரியச் சான்றிதழுக்குச் சமமாக ஏற்பது குறித்த அரசாணையின் இன்றைய நிலையைப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுப்பவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கான 7.5 சதவீத மருத்துவ, பொறியியல் இடம் போய்விடும். பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்காது. சாதாரண வருமானமுள்ள குடும்பத்துக்கு இது மிகப்பெரிய இழப்பு. அந்த நிலையில் பள்ளியிலேயே வைத்து, மாலையில் வீட்டில் ஆழமாகச் சொல்லித் தருவதே எங்கள் பரிந்துரை.

தினமும் ஐந்தாறு மணி நேரம் பயிற்சியில் கழிக்கும் விளையாட்டு, இசை, நடனப் பிள்ளைகளுக்கும், தேர்வைப் பிரித்து எழுதினால் மூச்சு விடமுடிகிற கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் தயங்காமல் எடுக்கலாம். பத்து வயதுக்குக் கீழே உள்ளவருக்கு என்ஐஓஎஸ் அவசரமே இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 14 வயது வரை வயதுக்கேற்ற வகுப்பில் பள்ளிக்குத் திரும்பலாம். ஒரு வருடம் வீட்டில் பார்த்துவிட்டு முடிவு செய்ய இடமிருக்கிறது.