நாலு எழுத்தா, 567 கூற்றா: ஆலோசனை அறைக்கு எந்த ஆளுமைச் சோதனை?

போன மாதம் அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மா, காலேஜ் படிக்கும் மகளோடு வந்தார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உட்காரும் முன்பே போனை நீட்டினார். "ஆன்லைன்ல டெஸ்ட் போட்டோம் மேடம். ஐஎன்எஃப்பின்னு வந்திருக்கு. இதுக்கு என்ன ட்ரீட்மென்ட்?" 19 வயது மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது நோயின் பெயரே இல்லை. எம்பிடிஐ (மையர்ஸ்-பிரிக்ஸ்) என்ற ஆளுமைச் சோதனையின் பாணியில் வருபவை மனிதர்களை 16 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நாலு எழுத்தில் பெயர் வைக்கும்; ஐஎன்எஃப்பி அதில் ஒன்று. ஒவ்வொரு பண்புக்கும் நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நிறுத்தும். கோட்டுக்கு அருகில் இருப்பவர் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வேறு எழுத்து வந்துவிடலாம். பேச்சைத் தொடங்கிவைக்க உதவும், அவ்வளவுதான். அதை வைத்துச் சிகிச்சையையோ வரனையோ முடிவு செய்யக் கூடாது. வரன் என்று சும்மா சொல்லவில்லை; ஜாதகத்தோடு இதையும் கேட்கிற வீடுகளைப் பார்க்கிறேன்.

மைக்கறைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனையை நான் தொடுவதில்லை. 1921-ல் வந்த அதே 10 அட்டைகளை இன்று யாரும் இணையத்தில் பார்த்துவிடலாம்.

உண்மையான போட்டி, மனநோய் அறிகுறிகளைத் தேடும் எம்எம்பிஐ-க்கும், ஆளுமையை ஐந்து பண்புகளில் அளக்கும் ஐம்பண்புச் சோதனைக்கும் (பிக் ஃபைவ்)தான்.

எம்எம்பிஐ அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1943-ல் வெளிவந்தது. 1989-ல் வந்த இரண்டாம் வடிவத்தில் 567 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று குறிக்க வேண்டும். எழுதுபவர் தன்னை நல்லவராகக் காட்டப் பார்க்கிறாரா, படிக்காமலே டிக் அடிக்கிறாரா என்று பிடிக்கும் அளவுகோல்களும் அதற்குள்ளேயே உண்டு. மனநோய் பற்றிய சந்தேகம் வலுவாக இருக்கும்போது இது பெரிய துணை. ஆனால் நம் ஊரில் இடறும் இடங்கள் இருக்கின்றன. "எனக்குத் தூக்கம் கெடுவதே இல்லை" என்று ஒரு வரியை வைத்துக்கொள்ளுங்கள். (நானே அமைத்தது, சோதனையின் வரிகளை வெளியில் சொல்வது முறையல்ல.) தூக்கம் கெடுகிறவர் இதற்குத் "தவறு" என்று குறிக்க வேண்டும். "இல்லையா, ஆமாவா மேடம்?" என்று பேனாவைப் பிடித்தபடி திகைப்பவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் சாமி. ஆடி மாதம் அம்மன் தன்மேல் இறங்குவதாகச் சொல்லும் வியாசர்பாடிப் பாட்டிக்கு, அது தெருவே கைகூப்பி நிற்கும் அனுபவம். அசாதாரண அனுபவங்களைப் பற்றிய கூற்றுகளில் அவருடைய மதிப்பெண் ஏறிவிடும். அந்தத் தாளை மட்டும் பார்ப்பவருக்குப் பாட்டி நோயாளியாகத் தெரிவார். ஆகவே பயிற்சி பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆளோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் இதற்குப் பொருள் சொல்ல வேண்டும்.

ஐம்பண்புச் சோதனை ஆளை வகைக்குள் அடைக்காது. ஒவ்வொரு பண்பும் எவ்வளவு என்றுதான் சொல்லும். இலவசமாகக் கிடைக்கும் வடிவங்களும் உண்டு. ஏமாற்றிக் குறித்தால் கண்டுபிடிப்பது கடினம், நோயைக் கண்டறியவும் உதவாது. அதிலுள்ள 'நியூரோட்டிசிசம்' என்ற சொல்லை மட்டும் நான் வாயால் சொல்வதில்லை. "மனசு எவ்வளவு சீக்கிரம் கலங்குது" என்பேன். இந்த ஊரில் 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

எனவே, வாழ்க்கைச் சிக்கலோடு வருபவருக்கு, இரண்டு மூன்று முறை பேசிய பிறகு ஐம்பண்புச் சோதனை; அதுவும் எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும். சந்தேகம் தீவிரமானால் எம்எம்பிஐ தெரிந்தவரிடம் அனுப்பிவிடுவேன்.

அந்தப் பெண்ணும் சம்மதித்து எழுதினாள். முடிவை முதலில் அவளுக்கு மட்டும் விளக்கினேன். வெளியே வந்ததும், "ரிப்போர்ட் காப்பி எனக்கும் வேணும்" என்றார் அம்மா. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தைச் சிகிச்சை பெறுபவரின் உரிமையாகச் சொல்கிறது. நான் மகளைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் தாளைப் புரட்டியவள், "மனசு கலங்குறதைப் பத்தின பகுதியை மட்டும் நானே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றாள்.