புகாராவின் கடைத்தெருவுக்காகவே போகலாம்

உஸ்பெகிஸ்தானுக்குச் சிறு குழுவாக அழைத்துப்போகும் நிறுவனங்கள் இப்போது பல இருக்கின்றன. எல்லாருடைய திட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான்: தாஷ்கண்ட், கீவா, புகாரா, சமர்கண்ட், மறுபடி தாஷ்கண்ட். நானும் என் மனைவியும் அப்படி ஒன்றில் போய்வந்தோம். குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி. நம் ஊரிலிருந்தே கூட வரும் ஒரு குழுத்தலைவர், அங்கே உள்ளூர் கைடு ஒருவர், ஒரு வேன்.

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரத்தில் வாழ்க்கையைக் கழித்தவன் நான். பட்டுப் பாதை என்று சொல்லித்தான் இந்தப் பயணத்தை விற்கிறார்கள். அதனால் நான் பார்க்கப் போனதும் அதைத்தான்: சரக்கு எப்படி வந்தது, எங்கே இறங்கியது, யார் கடன் கொடுத்தார்கள், எங்கே விலை பேசினார்கள். இதைக் காட்டிய இடங்களில் எல்லாம் இந்தப் பயணம் கொடுத்த பணத்துக்கு மேலேயே தந்தது. அதை விட்டுவிட்டு நீல ஓடு பதித்த கட்டடங்களுக்கு முன்னால் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கவைத்த இடங்களில் சாதாரணச் சுற்றுலாவாகிவிட்டது.

தாஷ்கண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966 ஏப்ரலில் வந்த நிலநடுக்கத்தில் பழைய ஊரின் பெரும்பகுதி போய்விட்டது. இப்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் சோவியத் காலத்தில் திரும்பக் கட்டிய நகரம். அதே வருடம் ஜனவரியில்தான் லால் பகதூர் சாஸ்திரி பாகிஸ்தானோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மறுநாள் விடிவதற்குள் இங்கே காலமானார். அவருடைய சிலையருகே எங்களை இறக்கிவிட்டார்கள். இறங்கி, நின்று, ஏறிவிட்டோம். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும் வயது. இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கலாம். 1977இல் திறந்த மெட்ரோ நிலையங்கள் அழகு. ஒவ்வொன்றும் ஒரு விதம். சார்சு சந்தையில் உலர்பழம் வாங்குவதாக இருந்தால் பயணத்தின் கடைசியில் வாங்குங்கள், தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கீவாவுக்கு உர்கெஞ்ச் வரை விமானம், அப்புறம் வேன். இங்கே அவர்கள் செய்த நல்ல காரியம், கோட்டைக்கு உள்ளேயே, இச்சான் கலாவிலேயே தங்கவைத்தது. பகல் கூட்டம் போன பிறகு மண்சுவர்ச் சந்துகளில் இஷ்டம்போல் நடக்கலாம். பச்சையும் நீலமுமாகப் பருத்து நிற்கும் கல்தா மினார் பாதியில் நின்றுபோன கோபுரம்; கட்டத் தொடங்கிய கான் 1855இல் போரில் இறந்ததோடு வேலை நின்றுவிட்டது. ஜும்மா மசூதிக்குள் 200க்கும் மேற்பட்ட மரத்தூண்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஆனால் எங்கள் உள்ளூர் கைடை நான் மதிக்க ஆரம்பித்தது கிழக்கு வாசலில். அங்கே வாசலுக்குள் இருபுறமும் இருக்கும் மாடங்களைக் காட்டி, பக்கத்தில்தான் அடிமைச் சந்தை நடந்தது என்று நேராகச் சொன்னார். பாரசீகர்களையும் ரஷ்யர்களையும் பிடித்துவந்து விற்றிருக்கிறார்கள்; 1873இல் ரஷ்யப் படை கீவாவைப் பிடித்த பிறகுதான் அதற்கு முடிவு வந்தது. பட்டும் மசாலாவும் மட்டும்தான் இந்த வழியில் போயின என்று இனிப்பாகப் பேசாமல் இதையும் சொன்ன மனிதர், மற்றதையும் சரியாகத்தான் சொல்வார் என்று தோன்றியது. அந்த வாசலை ஒட்டியே அல்லாகுலி கானின் ஒட்டகச் சத்திரம், இப்போது கடைகள்.

கீவாவிலிருந்து புகாரா 450 கிலோமீட்டர் போல வரும். கிசில்கும் பாலைவனத்துக்குள் நீண்ட பகல் முழுக்க வேன். சாலை சில இடங்களில் உடம்பை உலுக்கிவிடும், கழிப்பறை வசதியும் குறைவு. முட்டிவலி, முதுகுவலி உள்ளவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பதிவு செய்ய வேண்டும். அமு தரியா ஆற்றைப் பார்க்க நிறுத்தினார்கள், அது நல்ல நிறுத்தம்.

இனி புகாரா. இந்த ஒரு ஊருக்காகவே இந்தப் பயணத்தைச் சிபாரிசு செய்வேன்.

பழைய தெருக்கள் சந்திக்கும் இடங்களில் 16ஆம் நூற்றாண்டில் செங்கல்லால் பெரிய குவிமாடங்களைக் கட்டி, கீழே கடைகளை வைத்திருக்கிறார்கள். நகைக்காரர்களுக்கு ஒன்று, தொப்பி விற்பவர்களுக்கு ஒன்று, பணம் மாற்றுபவர்களுக்கு ஒன்று. மூன்றும் இன்னும் நிற்கின்றன. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கால் வைத்தால் சட்டென்று குளுமை. மேலே உள்ள திறப்புகள் வழியாகச் சூடு வெளியேறிவிடுகிறது. 1577இல் கட்டிய அப்துல்லா கான் திம் என்ற கூடத்தில் பட்டும் கம்பளித் துணியும் விற்றார்கள். அந்தக் கூடத்தின் நடுவில் நின்று பார்த்தால் எல்லாக் கடைகளின் முகப்பும் ஒரே பார்வையில் தெரியும். வாங்க வருபவனுக்கு வசதி, விற்பவன் பக்கத்துக் கடையை மறைத்து வேறு விலை சொல்ல முடியாது. கட்டியவனுக்கு வியாபாரம் தெரிந்திருக்கிறது.

பணம் மாற்றுபவர்களின் குவிமாடத்தில் குழுத்தலைவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். முல்தானிலிருந்தும் சிந்துவின் ஷிகார்பூரிலிருந்தும் போன இந்து வணிகர்கள் பல தலைமுறைகளாக இந்த ஊரில் வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதிக்கொடுத்த உண்டியலுக்கு, அதாவது காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளும் சீட்டுக்கு, மத்திய ஆசியா நெடுக மதிப்பு இருந்தது. பணத்தை மூட்டை கட்டிக்கொண்டு பாலைவனத்தைத் தாண்ட வேண்டியதில்லை. 1832இல் இங்கே வந்த பிரிட்டிஷ் அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸ் சுமார் 300 இந்துக்கள் தங்களுக்கென்று ஒரு சத்திரத்தில் இருந்ததாக எழுதியிருக்கிறார். அவர்கள் சதுரத் தொப்பியும் இடுப்பில் கயிறும் அணிய வேண்டும், அதை வைத்து அடையாளம் தெரியும். குடும்பத்தை அழைத்துவராமல், வருடக் கணக்கில் கணக்குப் புத்தகத்தோடு இருந்த மனிதர்கள். பர்மாவுக்குப் போன நம் செட்டியார்களையும் நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு பேர் ஒரு மேடையில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக் கேட்டு இதைப் பேசினோம். நாற்பது பேர் பஸ்ஸில் வந்தால் இது நடக்கவே நடக்காது. கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைக் கடந்துபோன பெரிய குழுக்களைப் பார்த்தபோது, சிறு குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தது இதற்குத்தான் என்று உறுதியானது.

கல்யான் மினார், 1127இல் எழுப்பியது, 45 மீட்டருக்கு மேல் உயரம். 1220இல் செங்கிஸ்கான் படை ஊரை எரித்தபோதும் இது தப்பியது. சமானி மன்னர்களின் சமாதியைக் கட்டாயம் பாருங்கள்; 10ஆம் நூற்றாண்டின் வேலை. வர்ண ஓடு எதுவும் கிடையாது, வெறும் செங்கல்தான், ஆனால் கூடை முடைவதுபோல அடுக்கியிருக்கிறார்கள். கைநெசவு பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கிருந்து நகர மனம் வராது.

இந்த ஊரில்தான் என்னைக் கோபப்படுத்திய விஷயமும் நடந்தது. 'பாரம்பரியக் கம்பளப் பட்டறை' என்று திட்டத்தில் போட்டிருந்த இடம் கம்பளக் கடை. முன்னால் ஒரு தறி, அதில் ஒரு பெண், ஐந்து நிமிடம் விளக்கம், அப்புறம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் விரித்து விரித்து டாலரில் விலை சொன்னார்கள். கமிஷன் எங்கே போகிறது என்று புரியாத வயதில்லை எங்களுக்கு. கடைக்கு அழைத்துப்போவது தப்பில்லை, கடை என்று சொல்லிவிட்டு அழைத்துப்போக வேண்டும். திரும்பியதும் நிறுவனத்துக்கு எழுதினேன், பதில் மரியாதையாக வந்தது, மாற்றுகிறோம் என்று மட்டும் சொல்லவில்லை.

துணி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்ரஸ் என்ற உஸ்பெக் துணியில் பாவு (நீளவாக்கு நூல்) பட்டு, ஊடை (குறுக்கு நூல்) பருத்தி. பாவு நூலை நெய்வதற்கு முன்பே கட்டிக் கட்டிச் சாயம் ஏற்றுகிறார்கள், அதனால் கோலத்தின் ஓரம் கலங்கினாற்போல் இருக்கும். கடைத்தெருவில் அதே கோலத்தை அச்சடித்த செயற்கை நூல் துணியும் நிறைய. திருப்பிப் பாருங்கள்: நெய்த கோலம் பின்பக்கமும் தெளிவாக இருக்கும், அச்சடித்தது வெளிறியிருக்கும். கடைக்காரர் சம்மதித்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாசனை தரும்.

புகாராவிலிருந்து சமர்கண்டுக்கு அஃப்ராசியாப் என்ற அதிவேக ரயில், சுகமான பயணம். ரெகிஸ்தான் சதுக்கத்தின் மூன்று மதரஸாக்களையும், தைமூரின் சமாதியையும், அவர் பேரன் உலுக் பெக்கின் வானாய்வுக் கூடத்தையும் ஒரே நாளில் அடைத்துவிட்டார்கள். 1018 விண்மீன்களை அட்டவணைப்படுத்திய இடம் அது. ஜெய்ப்பூரின் ஜெய்சிங் தன் ஜந்தர் மந்தர் வேலைக்கு உலுக் பெக்கின் அட்டவணையைப் பயன்படுத்தினார். இதைச் சொல்லக்கூட நேரம் போதவில்லை, ஓடினோம்.

ஆனால் சமர்கண்டில் எனக்குப் பெரிய பரிசு ஒன்று கிடைத்தது. அஃப்ராசியாப் அருங்காட்சியகம் திட்டத்திலேயே இல்லை. 1965இல் சாலை வேலையின்போது வெளிப்பட்ட 7ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் அங்கே இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தப் பகுதியில் வாழ்ந்த சொக்டியர்களின் மன்னனைப் பார்க்கத் தூதர்கள் வருகிறார்கள். சீனத் தூதர்கள் கையில் துணிக்கட்டும் கோத்த பட்டுக்கூடுகளும். பட்டுப் பாதையில் பட்டு வருவதையே அந்தக் காலத்து ஓவியன் வரைந்துவைத்திருக்கிறான்! எங்களில் நாலைந்து பேர் கேட்டோம், கைடு போனில் பேசினார், மறுநாள் காலை கடைவீதி நேரத்தைக் குறைத்துக்கொண்டு போனோம். நிறம் மங்கி, பாதி உதிர்ந்துதான் இருக்கிறது. நான் அந்தக் கூடுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டால் திட்டத்தை மாற்றுவார்கள் என்பது சிறு குழுவின் உண்மையான பலன். கேட்காமலே சேர்த்திருக்க வேண்டிய இடம் என்பது என் குறை.

கோனிகில் கிராமத்தின் காகிதப் பட்டறையும் நல்ல நிறுத்தம். தண்ணீர்ச் சக்கரம் உலக்கைகளைத் தூக்கிப்போட, மல்பெரிப் பட்டை கூழாகிறது. இலை புழுவுக்கு, பட்டை காகிதத்துக்கு.

சாப்பாடு: என் மனைவி சைவம். 'சைவ உணவு உண்டு' என்பதற்கு அங்கே அர்த்தம் ரொட்டி, தக்காளி வெங்காய சாலட், உருளைக்கிழங்கு. புலாவ் சோற்றில் ஆட்டு வால்கொழுப்பு சேர்ப்பது வழக்கம், கறியை எடுத்துவிட்டுத் தந்தாலும் சைவமாகாது. பரிமாறுபவர்கள் இதைச் சொல்வதில்லை. பூசணிக்காய் சம்சாவும் கெட்டித் தயிரும் எங்களைக் காப்பாற்றின. சமர்கண்ட் ரொட்டி கனமானது, அருமையானது. பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள். கறி சாப்பிடுபவர்களுக்குக் கவலையே இல்லை.

நாமே ரயில், ஓட்டல் எல்லாம் போட்டுப் போவதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு செலவு. இளைஞர்கள் தாங்களே போய்வரலாம், பயமில்லாத நாடு. ஹிந்துஸ்தான் என்று தெரிந்ததும் பெரியவர்கள் ராஜ் கபூர் பெயரைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் வயதினருக்கும், கதை கேட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கும் சிறு குழுதான் சரி. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் பாருங்கள், கோடை தாங்காது. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: குழுத்தலைவர் யார், அவர் முன்பு அங்கே போயிருக்கிறாரா? புகாராவில் எத்தனை இரவு? இரண்டுக்குக் குறைவென்றால் வேண்டாம். எந்தெந்த நிறுத்தங்கள் கடைகள்?

பட்டு நெய்யும் மார்கிலான் ஊர் பெர்கானாப் பள்ளத்தாக்கில் இருக்கிறது, எங்கள் திட்டத்தில் இல்லை. அதையும் சேர்த்துச் சிறு குழுவாக அழைத்துப்போகிறவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், நாங்கள் இருவரும் மறுபடி போகத் தயார்.