திரும்பப் படிப்பதா, மூடிவைத்து எழுதிப் பார்ப்பதா?

நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் பெரும்பாலும் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். வரிகள் கண்ணுக்குப் பழகிப்போவதால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். புதிய பாடத்தைத் தொடங்கும்போது இது தேவைதான். அதைத் தாண்டி இதை நம்ப வேண்டாம்.

இன்னொரு வழி, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டையும் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42தான். நுழைவுத் தேர்வோ மாதங்கள் கழித்து வருவது!

ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை வெற்றுத்தாளில் பசுங்கணிகத்தை (இலைச் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்பு) வரைந்து, ஒளிவினை எங்கே, இருள்வினை எங்கே நடக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். அதனுள் இருக்கும் தட்டடுக்குகளான கிரானாவா, அவற்றைச் சூழ்ந்த திரவமான ஸ்ட்ரோமாவா என்று பேனா தடுமாறும் இடத்தில்தான் அடுத்த அரை மணி நேரத்தைச் செலவிட வேண்டும். முதலில் பிள்ளை "எனக்கு ஒண்ணுமே தெரியலை" என்று சோர்ந்துபோகும். அப்போது பக்கத்தில் இருங்கள், மதிப்பெண் போடாதீர்கள். விடையை மட்டும் உடனே சரிபார்க்க வையுங்கள், தப்பு மனதில் பதிந்துவிடக் கூடாது.