கேம் ஆர்ட் வகுப்பில் சேரும் முன்: அந்த டிராகனுக்கு முதுகு கிடையாது

போன வாரம் சேலம் அஞ்சு ரோடு சிக்னலில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். எதிரே ஒரு பேனர். "கேம் கான்செப்ட் ஆர்ட், அட்மிஷன் நடைபெறுகிறது" என்று பெரிய எழுத்து. கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் உருவங்களையும் இடங்களையும் முதலில் வரைந்து பார்க்கும் வேலைக்கு அந்தப் பெயர். அதன் கீழே நெருப்பு கக்கும் சிவப்பு டிராகன். ஓரத்தில் பொடி எழுத்தில் "எங்கள் மாணவர் படைப்பு". அந்த மாணவி நான்தான். படைப்புதான் என்னுடையது இல்லை. டிரேஸ் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். இனி யாரும் அந்த டிராகனை நம்பிப் பணம் கட்டக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது சேலத்தில் ஒரு தனியார் கல்லூரி, பி.எஸ்ஸி. விஸ்காம். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், போடவில்லை. இரண்டாம் வருடம் தொடங்கியதும் வெளியிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் செமினார் ஹாலில் வந்து பேசினார்கள். கல்லூரிக்குள்ளேயே வாரம் மூன்று நாள் வகுப்பு, ஒரு வருடம், முடித்ததும் சர்டிபிகேட், பெங்களூரில் வேலை. கட்டணம் 48,000. அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார்.

சேர்ந்த பிறகு மற்றதெல்லாம் வந்தது. கம்ப்யூட்டரில் வரைவதற்கான பென் டேப்லெட்டை அவர்களிடம்தான் வாங்க வேண்டும், 9,000. அதே மாடல் ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைப்பதை அப்புறம்தான் பார்த்தேன். சாப்ட்வேர் கட்டணம் என்று 4,500. ஏற்றிக் கொடுத்தது போட்டோஷாப்பின் கிராக் வெர்ஷன், அதாவது திருட்டுப் பிரதி. வரைவதற்குக் கிரிட்டா, 3டி உருவம் செய்யப் பிளெண்டர் என்று இரண்டு சாப்ட்வேர் முழுக்க இலவசமாகக் கிடைக்கின்றன என்று அந்த வருடத்தில் ஒருவர்கூட வாயைத் திறந்து சொல்லவில்லை.

வகுப்பெடுத்தவர் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. படத்தில் உருவத்தை வெட்டியெடுக்கும் பென் டூலை அவர் ஓட்டும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரிந்தது அதுதான், எங்களுக்கு வந்ததும் அதுதான். மூன்றாவது மாதம் "லைவ் ப்ராஜெக்ட்" என்றார்கள். யார் வீட்டுக் காதணி விழாவுக்கோ பேனர். தாய்மாமன்கள் ஏழு பேரை வெட்டி, வரிசையாக ஒட்டி, ஒருவருக்குக் கிரீடம் வைத்தோம். எங்கள் பேட்ச் 14 பேர் செய்த கேரக்டர் டிசைன் அதோடு சரி.

அப்புறம் டிராகன். ஒரு படத்தைக் கொடுத்து, அதன் மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு லேயர் போட்டு டிரேஸ் எடுத்து, நிறத்தை மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு மாற்றச் சொன்னார்கள். என்னுடையது சிவப்பு. பெருமையாக வீட்டில் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு கண்ணு. இதோட முதுகுப் பக்கம் எப்படி இருக்கும்?"

தெரியாது என்றேன்.

"ரெக்கை எந்த எடத்துல ஒட்டியிருக்குது?"

அதுவும் தெரியாது.

"அப்புறம் செய்யறவன் எதைப் பாத்துச் செய்வான்?"

பட்டறையில் புது மாடல் வரைந்து வந்தால், முத்து எந்த வளையத்தில் தொங்குகிறது, கொக்கி எந்தப் பக்கம் மாட்டுகிறது என்று கேட்காமல் யாரும் வெள்ளியில் கை வைக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டார். கான்செப்ட் ஆர்ட் முழுக்க அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது எனக்குப் புரிய இன்னும் எட்டு மாதம் ஆனது.

பிரேம் போட்டு மாட்டுவதற்குக் கான்செப்ட் ஆர்ட் வரைவதில்லை. கம்ப்யூட்டரில் உருவத்தைச் செய்கிற 3டி மாடலர் ஒருவர் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். அதனால் முதலில் கட்டைவிரல் அளவில் இருபது, முப்பது கறுப்பு உருவங்கள், தம்ப்நெயில் என்பார்கள். முகமும் நகையும் இல்லாமல் வெளிக்கோட்டை வைத்தே இவன் காவல்காரன், இவள் வைத்தியச்சி என்று தெரிய வேண்டும். விளையாடுகிறவர் அந்த உருவத்தைத் தூரத்தில், ஓடுகிற ஓட்டத்தில் அடையாளம் பிடிக்க வேண்டியிருக்கிறதே. அதில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து, வெளிச்சம் நிழல் பார்த்து, நிறம் பார்த்து, கடைசியில் முன், பக்கம், பின் என்று ஒரே உயரத்தில் கோடு பிடித்து வரைகிற டர்ன்அரவுண்ட். பக்கத்திலேயே குறிப்பு: இது தோல், இது இரும்பு, இந்தப் பட்டை இப்படிக் கழலும். டர்ன்அரவுண்ட் என்ற சொல்லையே நான் அந்த வகுப்பில் கேட்டதில்லை.

"என்விரான்மென்ட் ஸ்டடி" என்று ஏற்காடு கூட்டிப்போனார்கள். தலைக்கு 1,800. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, போட் ஹவுஸ், சாப்பாடு, லேடீஸ் சீட் வியூ பாயின்ட், குரூப் போட்டோ. அன்றைக்கு லேடீஸ் சீட்டில் லேசான பனி. எங்கள் பக்கத்தில் நின்ற சில்வர் ஓக் கறுத்து, அதில் ஏறிய மிளகுக் கொடியின் இலைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அடுத்த சரிவு சாம்பல் பூத்த பச்சை. அதற்கும் அந்தப் பக்கம் வெறும் நீலம், வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. தூரம் கூடக் கூட, நடுவில் இருக்கும் காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடித்து நிறத்தை வெளுக்கச் செய்கின்றன. தட்டையான திரையில் ஆழம் காட்டுவதற்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பாடம் கண்ணெதிரே விரிந்து கிடந்தது, நோட்டை எடுங்கள் என்று சொல்லத்தான் ஆளில்லை. மிளகாய் பஜ்ஜி நன்றாக இருந்தது, அதை மறுக்கவில்லை.

வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவர்கள் வருடம் முடிந்ததும் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். நானே தேடி ஒரு சின்ன ஸ்டுடியோவுக்கு என் படங்களை அனுப்பினேன். வீடியோ காலில் வந்தவருக்குத் தமிழ் தெரியும். "தப்பா நினைக்காதீங்க, இதே டிராகன் இந்த மாசம் எனக்கு மூணாவது தடவை வருது. ஒண்ணு பச்சை, ஒண்ணு ஊதா" என்றார். பிறகு, "பைனலை விடுங்க, இதுக்கு முன்னாடி போட்ட தம்ப்நெயில் இருந்தா காட்டுங்க" என்றார். என்னிடம் இல்லை. நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரவு முழுக்க தூக்கம் வரவில்லை.

மறுநாள் லேப் சுவரில் மாட்டியிருந்த "முன்னாள் மாணவர் படைப்புகள்" நினைவுக்கு வந்தன. போனில் போட்டோ இருந்தது. படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பதினொரு படத்தில் ஒன்பது, கலைஞர்கள் தங்கள் படங்களைப் போடும் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் வெளிநாட்டுக் கலைஞர்களின் பக்கத்துக்கு நேராகக் கொண்டுபோய் விட்டது. கையெழுத்து இருந்த மூலையை மட்டும் வெட்டிவிட்டுப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். சேருவதற்கு முன்பே, அந்தச் சுவருக்கு முன்னால் நின்று இதைச் செய்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கல்லூரி ஆபீஸில், "அது வெளியாளுங்க நடத்துறதும்மா" என்றார்கள். வெளியாளுங்க, "காலேஜ்ல கேளுங்க" என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். வக்கீலிடம் போனபோதுதான் ரசீதின் அருமை தெரிந்தது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, கோச்சிங் நிறுவனங்கள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் சொல்லியிருக்கிறதாம். அப்படியானால் நான் படித்தது எது? கல்லூரியின் படிப்பா, வெளியாரின் பயிற்சி வகுப்பா? 48,000க்கு என்னிடம் இருப்பது கல்லூரி சீல் வைத்த ரசீது. அதில் படிப்பின் பெயரே இல்லை. "இதர கட்டணம்" என்று இருக்கிறது. அதை வைத்துத்தான் எதிர்த்தரப்பு விளையாடும் என்றார் வக்கீல்.

ஆகவே இப்போது சேர நினைக்கிறவர்கள் ரசீதில் படிப்பின் பெயர், காலம், நடத்துபவர் பெயர் மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வகுப்பெடுப்பவர் சொந்தமாக வரைந்ததைக் கேளுங்கள். முடிந்த படத்தை யாரும் காட்டிவிடலாம், கிறுக்கல்களையும் தம்ப்நெயிலையும் லேயர்கள் தனித்தனியாக இருக்கும் மூல பைலையும் கேளுங்கள். சர்டிபிகேட்டில் யார் கையெழுத்து என்று கேளுங்கள், பல்கலைக்கழகமா, கம்பெனியா என்று. கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். என்னிடமும் கோபித்தார்கள், நான் பயந்துகொண்டு விட்டுவிட்டேன்.

இப்போது நானாக வரைந்துகொண்டிருக்கிறேன், கிரிட்டாவில். இந்த மாதம் எங்கள் தெருமுனைத் தட்டுவடை செட் வண்டி. முன்பக்கம் சுலபம்: சட்னி டப்பாக்கள், துருவிய கேரட், பீட்ரூட், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த செங்கல். பின்பக்கம் போய்ப் பார்த்த பிறகுதான் தட்டுவடை டின்னும் தண்ணீர்க் குடமும் ஏன் அந்த இடத்தில் இருக்கின்றன என்று புரிந்தது. அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரம்தான் வண்டியின் அளவே. மூன்று பக்கமும் போட்டு அப்பாவிடம் காட்டினேன். "அச்சாணி எங்க?" என்றார். போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பேட்ச்சில் ரசீது பத்திரமாக வைத்திருப்பவர்கள் நான்கு பேர். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது என்பதால், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அடுத்த வாரம் மனு கொடுக்கப் போகிறோம். அஞ்சு ரோடு பேனரையும் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன்.